யார் கணக்கில் வரவு வைப்பது?

மேஜை மேல் வைத்துவிடக் கூடிய அளவில் மில்லிங் மெஷின்கள் உண்டு. பார்த்திருக்கிறீர்களா? சுழலும் கட்டருக்குக் கீழே ஒரு மேடை. மேடையில் ஒரு வைஸ். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டு. பட்டறை பாஷையில் அதற்கு ‘ஜாப்’ என்று பேர். ஹேண்டிலைச் சுற்றினால் மேடை நகரும். கட்டர் உலோகத்தைச் சீவும். அவ்வளவுதான்.

இதை வாங்கி, ஹேண்டில்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோட்டார் மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்து, வீட்டு ஷெட்டிலேயே சி.என்.சி. மெஷினாக மாற்றிக்கொள்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அப்புறம் கையால் சுற்ற வேண்டாம். ‘ஜி01 எக்ஸ்50 எஃப்100’ என்று எழுதினால் போதும். ‘நேர்கோட்டில், நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில், 50-வது மில்லிமீட்டருக்குப் போ’ என்று அர்த்தம். போகும்.

நான் பி.காம். இரும்பைவிட லெட்ஜர்தான் பழக்கம். அதனால் எனக்கு வருகிற சந்தேகமும் கணக்குச் சந்தேகம்தான். அப்படிச் செய்து முடித்த ஓர் அழகான பாகத்தைக் கையில் ஏந்தி, ‘இது நான் செஞ்சது’ என்கிறார் ஒருவர். அந்தப் பெருமையை யார் கணக்கில் வரவு வைப்பது? அவருடையதிலா, மெஷினுடையதிலா?

‘மெஷின் செஞ்சதைத் தன் திறமைன்னு சொல்லிக்கலாமா?’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஹேண்டில் போய் மோட்டார் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு ஸ்டியரிங் ‘ப்ளே’ தெரியும். கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் அசைந்து கொடுக்காது. மில்லிங் மெஷினிலும் அதே கதை. ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பினால், திருகுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தீரும்வரை மேடை சும்மா நிற்கும். பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்கலாம். அனுபவமுள்ள மெஷினிஸ்ட் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் அளவுக்கு வருவார். தாண்டிவிட்டால், நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வருவார். ஏன் என்று கேட்டால், ‘அப்படித்தாங்க வரணும்’ என்பார். அறிவு கையில் இருக்கிறது. வாயில் இல்லை.

மோட்டாருக்கு அந்தக் கை கிடையாது. அதனால் பழைய திருகைக் கழற்றி, ப்ளே மிகக் குறைவான ‘பால் ஸ்க்ரூ’ பொருத்துகிறார்கள். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாக எடுத்துவைக்கும். சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் ஸ்க்ரூ என்றால், ஓர் அடிக்கு 0.025 மில்லிமீட்டர். இதையும் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கமிருந்து... கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த அத்தனையையும் எழுதிக் காட்ட வேண்டும். நன்றாகச் சமைக்கிற அம்மாவிடம் ‘உப்பு எத்தனை கிராம்?’ என்று கேட்டுப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

ஆக, திறமை எங்கேயும் காணாமல் போகவில்லை. கையிலிருந்து எழுத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அப்படியென்றால், எழுதுகிறவர் யார்?

தொழிற்சாலைகள் இந்தக் கேள்வியை எப்போதோ சந்தித்துவிட்டன. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார் ஜான் பார்சன்ஸ். இறக்கை வளைவின் புள்ளிகளை எண்களாகக் கணக்கிட்டு, அந்த எண்களின்படி உலோகத்தை வெட்டலாம் என்பது அவர் யோசனை. அது வளர்ந்து, 1952-ல் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவின் சொல்படி ஓடும் மில்லிங் மெஷினாக வந்து நின்றது.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் முயன்று பார்த்த வழி. தேர்ந்த தொழிலாளி ஒருமுறை கையால் வேலையைச் செய்வார். அவருடைய அசைவுகள் டேப்பில் பதிவாகும். மெஷின் அதையே திரும்பச் செய்யும். பாட்டு ரெக்கார்டிங் மாதிரி. இந்த வழி ஓரங்கட்டப்பட்டது. விமானத்தின் சிக்கலான வளைவுகளுக்கு இது ஒத்துவராது என்பது ஒரு காரணம். வேலையின் பிடியைத் தொழிலாளியிடமிருந்து ஆபீஸ் மேஜைக்குக் கொண்டுபோக நிர்வாகம் விரும்பியதும் ஒரு காரணம் என்று, 1984-ல் வெளிவந்த ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’ புத்தகத்தில் வாதிட்டார் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள்.

எழுதுகிறவர் ஏ.சி. அறையில், பட்டன் அமுக்குகிறவர் பட்டறையில் என்று பிரிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. இருபது வருஷம் ஹேண்டில் சுற்றியவரின் கையறிவை வாங்கி எழுத்தாக்கிவிட்டு, ‘நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க’ என்றால், அதில் அவருக்கு மிஞ்சுவது என்ன? மெஷினைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வரவைத் தப்பான பேரில் எழுதியவர்கள் மனிதர்கள்தான்.

வீட்டு ஷெட்டில் இந்தப் பிரிவினை இல்லை. சிந்திப்பவர், எழுதுபவர், பட்டன் அமுக்குபவர் எல்லாம் ஒரே ஆள். தாராளமாக அவர் பேரில் வரவு வைக்கலாம்.

ஆனால், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டே!

வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் மாட்டப்படும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு குணம். சுமை தாங்காமல் நாலு அடி தவறிவிட்டாலும் அதற்குத் தெரியாது. சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு மிச்ச வேலையையும் அதே கம்பீரத்தோடு முடிக்கும். நீங்கள் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால், கட்டரைக் கொண்டுபோய் வைஸிலேயே இறக்கும். ஹேண்டில் கையில் இருந்தால் அந்த இறுக்கம் உள்ளங்கைக்கு முதலில் தெரியும், நிறுத்திவிடுவீர்கள். கையைக் கழற்றிக் கொடுத்தவர், கண்ணையும் காதையும் அங்கேயே வைத்திருக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனுக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும்.

நம்மில் எத்தனை பேர் அப்படி நிற்கிறோம்? கணக்கு சரியாக வந்தால் ‘நான் போட்டேன்’. தப்பாக வந்தால், ‘சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது’. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெரியவரின் பென்ஷன் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், தானும் சிஸ்டமும் வேறு வேறு என்று சட்டென்று ஒதுங்கிக்கொள்கிறார்.

நல்ல ஜாப்பைக் கையில் ஏந்தி, ‘இது நான் செஞ்சது’ என்று யாரும் சொல்லலாம். வீணாய்ப்போன ஜாப்பையும் அதே கையில் எடுத்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொல்கிறவர் பேரில்தான் நான் வரவு எழுதுவேன். நீங்கள்?