ஊரவையின் உள்ளும் புறமும்

அமெரிக்க மக்களாட்சியின் வேரைத் தேடுவோர் பெரும்பாலும் 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் எழுதப்பெற்ற அரசியற் சட்டத்தையே சுட்டுவர். ஆயின் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அந்நாட்டின் வடகிழக்குக் குடியேற்ற ஊர்களில் மக்கள் ஓரிடத்திற் கூடிச் சாலையையும் வேலியையும் பள்ளியையும் பற்றித் தாமே முடிவு செய்து வந்தனர். 1831இல் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் தொக்வில், உரிமையின் வலிமை இவ்வூர்க் கூட்டங்களிலேயே உறைகின்றது எனக் கருதினார்.

இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தனர். அவ்வோலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, அவையறிய உரக்கப் படித்தனர். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்!

இவ்வளவில் நின்று பெருமிதம் கொள்வது தமிழ் மேடைகளின் வழக்கம். அதே கல்வெட்டின் பிற வரிகளை எடுத்துரைப்பார் சிலரே. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 அகவைக்கு மேல் 70க்கு உட்பட்டோர் பெயரே பொதுவாக ஓலையில் ஏறியது. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் அக்குடத்துள் விழ வழியில்லை.

அமெரிக்காவின் நிலையும் இதுவே. வர்ஜீனியாவின் முதற் பேராளர் அவை கூடியது 1619 ஜூலையில். அடுத்த மாதமே ஆப்பிரிக்கர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் அடிமைகளாக அக்கரையில் இறக்கப்பட்டனர். 1787ஆம் ஆண்டுச் சட்டம் இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே கணக்கிற் சேர்த்தது. வாக்கோ அவர்களுக்கு அறவே இல்லை.

புறத்தே நிறுத்தப்பட்டோர் இருந்தமையால் இவ்வவைகள் வெறும் பொய் எனத் தள்ளத்தக்கனவா? அல்ல. அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1852இல் சுதந்திரப் பிரகடனத்தின் கொள்கைகளைக் கொண்டே அதனைக் கொண்டாடியோரை வினவினார். குறையுடைய அவையேனும் இருந்தால், வெளியே நிற்பவன் அதன் கதவைத் தட்ட இயலும். அவையே இல்லாதவிடத்து எதனைத் தட்டுவது?

இவ்வினாவின் பொருளை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பேராவின் தென்மேற்கே, பெர்ணாம் ஆற்றை ஒட்டிய ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தை நோக்கினாற் போதும். தோட்டப்புறம் தனியார் நிலம். ஆதலின் அங்கே குடிநீரும் விளக்கும் சாலையும் நிருவாகத்தின் பொறுப்பாயின. 1957க்குப் பின் குடியுரிமை பெற்ற தொழிலாளி நாடாளுமன்றத்திற்கு வாக்களித்தான். தன் லயத்துக்குப் பின்னுள்ள சாக்கடையைப் பற்றிப் பேச அவனுக்கு ஓர் அவை இருந்ததில்லை. ஈப்போ நகரத்தாருக்கோ தேர்ந்தெடுக்கப்பட்ட நகராண்மைக் கழகம் இருந்தது.

இந்தோனேசிய மோதலைக் காரணங் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான்! செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையேற்ற அரச ஆணையம் உள்ளாட்சி மன்றங்களை ஆராய்ந்து, தேர்தல் முறையே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஒரு தமிழரின் தலைமையில் எழுந்த அப்பரிந்துரை தமிழ் மாணவர் பாடங்களில் உத்திரமேரூர் அளவுக்கு இடம்பெறாதது வியப்பே. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதனை ஏற்காது, நியமன முறையையே நிலைநிறுத்தியது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட, பலர் லயங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். உள்ளாட்சி எல்லைக்குள் வந்த அவர்கள் இன்று அதற்கு மதிப்பீட்டு வரியும் செலுத்துகின்றனர். ஆயினும் அம்மன்றத்தின் உறுப்பினரை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வடிகால் அடைபட்டால், வாக்குக் கேட்டு வந்த சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையே தேடிச் செல்கின்றனர்.