வலிக்கிறது என்று சொல்வது அவிசுவாசமா?



ட்ரிப்ஸில் கேன்சர் மருந்து ஏற்றிக்கொள்ளுகிற விசுவாசிகள் நம் மதுரைச் சபைகளில் இன்றைக்கு அநேகர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விடியற்காலமே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தில் நம் ஜனங்களும் இருக்கிறார்கள். மருந்து எடுக்கலாமா, கூடாதா என்கிற பழைய வாக்குவாதத்துக்குள் நான் போகவில்லை. எசேக்கியாவின் ஆயுசோடே பதினைந்து வருஷம் கூட்டுவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). எனக்கு அது போதும். என் பாரம் வேறே. மருந்து எடுக்கிற விசுவாசி, அந்த மருந்தினால் தனக்கு வருகிற உபத்திரவத்தை வாய்விட்டுச் சொல்லலாமா?

சொல்லவே கூடாது என்று போதிக்கிறவர்கள் உண்டு. 'வலிக்குது'ன்னு வாயால சொன்னா சத்துருவுக்கு வாசலைத் திறந்துவிடுகிறோம், சுகமானேன் என்றுமட்டும் அறிக்கையிட வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள்.

அதன் பெயர் வின்கிறிஸ்டின். ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கும், கழுத்திலும் அக்குளிலும் கட்டியாக வரும் நிணநீர்ப் புற்றுக்கும் மற்ற மருந்துகளோடு சேர்த்து இதை ஏற்றுகிறார்கள். இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி நம் கிராமத்தார் ஒதுக்குகிறார்களே, ஆடு மாடு வாய் வைக்காதே, அதுதான். தெற்கே மானாவாரி நிலங்களில் ஏற்றுமதிக்கென்றே இதைப் பயிரிடுகிறார்கள். ஜமைக்கா தீவில் சர்க்கரை வியாதிக்கு இதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1950-களில் அந்த இலை கனடாவிலுள்ள ஆராய்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கின! கழுதையைத் தேடிப்போன சவுல் ராஜாவாகத் திரும்பின கதைதான். 1963-ல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ரத்தப் புற்று வந்த பிள்ளைகளைப் பெற்றோர் சில மாதங்களில் அடக்கம் பண்ணினார்கள். இன்று நல்ல சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

ஆனாலும் அது விஷந்தான். செல் இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே மெல்லிய இழைகள் வேண்டும். இந்த மருந்து அந்த இழைகளைக் கட்டவிடாது. புற்றுச் செல் பிரிய மாட்டாமல் சாகிறது. அதே மாதிரி இழைகள் நம் நரம்புகளுக்குள்ளும் இருக்கின்றனவே! ஆகையால் நரம்பும் அடி வாங்குகிறது, அதிலும் நீளமான நரம்பு முதலில். கால்விரல், கைவிரல் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட வராது. செருப்பு கழன்றது தெரியாது. சிலருக்குப் பாதம் தொங்கிவிடும், சிலருக்குத் தாடை வலிக்கும். குடல் சோர்ந்து மலம் கட்டும், கவனியாமல் விட்டால் குடலின் அசைவே நின்றுவிடும். முடி கொட்டுவதற்குத்தான் எல்லாரும் அழுகிறார்கள். அது திரும்ப முளைத்துவிடும்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். விரல் மரத்துப்போனதை ரத்தப் பரிசோதனை காட்டாது. டாக்டர் கேட்க வேண்டும், நோயாளி சொல்ல வேண்டும். சொன்னால் அளவைக் குறைப்பார், தள்ளிப்போடுவார், அல்லது மாற்றுவார். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாததற்குக் காரணமே இந்த நரம்புக் கோளாறுதான்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, மல்லிகைப்பூ கட்டி விற்றுப் பிழைக்கிறவர்கள். மூன்று வாரத்துக்கு ஒருதரம் ட்ரிப்ஸ். கூடப் போயிருந்தேன். நர்ஸ் கேட்டதற்கெல்லாம், "ஸ்தோத்திரம்மா, நல்லாயிருக்கேன்" என்றே சொன்னார்கள். வெளியே வந்ததும் மகள் என்னிடம், "போன ஊசியிலிருந்து அம்மா பூவே கட்டல பாஸ்டர், விரல்ல நூலு நிக்கல" என்றாள். தாயாரைக் கேட்டேன். "சுகமாயிட்டேன்னு சபையில சாட்சி சொல்லிட்டேனே பாஸ்டர். இப்பப் போயி மரத்துப்போச்சுன்னு சொன்னா அந்தச் சாட்சி பொய்யாயிடாதா?"

இந்தக் கேள்வியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். தன் விரல் போனாலும் தேவநாமம் தூஷிக்கப்படக்கூடாது என்கிற வைராக்கியம் அதில் இருக்கிறது.

பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடனைத் தொட்டார் (மாற்கு 8). தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். அவன் என்ன சொன்னான்? மனுஷர் நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். தொட்டவரோ தேவகுமாரன், அவர் முகத்துக்கு நேரே, இன்னும் சரியாகவில்லை என்று சொன்னான்! ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, இரண்டாந்தரம் கை வைத்தார். எல்லாம் தெளிவாத் தெரியுது என்று அவன் முந்திக்கொண்டு சாட்சி சொல்லியிருந்தால், மரங்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பான்.

சூனேமியாளைக் காட்டி எதிர்வாதம் பண்ணுவார்கள். பிள்ளை செத்துக் கிடக்க, எல்லாம் சுகம் என்றாளே என்பார்கள். உண்மைதான், வழியில் எதிர்ப்பட்ட கேயாசியிடம் அப்படிச் சொன்னாள். எலிசாவண்டை வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு மனக்கசப்பையெல்லாம் கொட்டிவிட்டாளே (2 இராஜாக்கள் 4)! அந்த இடத்தை ஏன் வாசிக்காமல் விடுகிறார்கள்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்ப வேண்டியதில்லை. ஆனால் காரியம் செய்யக்கூடியவரிடம் மறைத்தால் அதற்குப் பெயர் விசுவாசமா?

மருந்து ஏறும்போது ஊசி குத்தின இடத்தில் எரிந்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் அங்கே சதையே புண்ணாகிப்போகும். கூடக் கொடுக்கிற மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைக்கிறபடியால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முழு இரவு ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போகிற வழியில் ஆட்டோவிலும் ஜெபிக்கலாம்.

சாட்சி வேண்டும் என்கிற அவசரம் நோயாளிக்கு இல்லை, மேடைக்குத்தான் இருக்கிறது. கை தட்டுகிறவர்களுக்கு விரல் மரத்துப்போகவில்லையே.

அந்தச் சகோதரி திரும்ப உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார்கள். டாக்டர் அந்த மருந்தின் அளவைக் குறைத்தார். நரம்பு தேறுவதற்கு மாதக்கணக்காகும். இப்போது செவ்வந்தி கட்டுகிறார்கள், மல்லி மொட்டு இன்னும் விரலுக்குப் பிடிபடவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம். மலம் கட்டுகிற மருந்து, தண்ணீரும் ஆகாரமும் அவசியம். கூட்டத்தில் நெருக்கப்படாதபடி வாசலோரம் நாற்காலி போட்டிருக்கும். சளி, இருமல் உள்ளவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் உட்கார வேண்டாம்.