பங்கிட்ட சுமையும் பங்கிடாத பயனும்

சுருவிலில் பனையோலையால் வீடு வேய்ந்த காலத்தில் அயலவர் கூடி உழைத்தனர். ஒருவர் ஓலை ஏந்த, ஒருவர் பரப்ப, ஒருவர் கட்டினார். ஒருவர் களைத்தால் அவர் பங்கை மற்றவர் ஏற்றார். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் சோறு இருந்தது.

இன்றைய கணினிக் கொத்துகளும் இம்முறையையே கைக்கொள்கின்றன. பெரும் பணியொன்று சிறு கூறுகளாகிப் பல கணினிகளுக்குப் பகிரப்படுகிறது. கூகிளில் அமைந்த 'மேப்ரெடியூஸ்' முறையை ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் விளக்கினர். ஒரு கணினி செயலிழந்தால் அதன் கூறு வேறொன்றுக்குச் செல்லும். ஒன்று பின்தங்கினால், வேலையற்றிருக்கும் இன்னொன்று அதே கூறைத் தானும் செய்யும்.

நல்ல நீதிதான். ஆனால், இதனால் மிச்சமாகும் மனித உழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது? தறியின் நாடா தானே நெய்யுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியிரா என்றார் அரிஸ்டாட்டில். தறி தானே நெய்யத் தொடங்கிற்று. நெசவாளர் பலருக்குக் கிட்டியதோ ஓய்வன்று, வேலையின்மை.

குற்றம் இயந்திரத்தினுடையதன்று. சுமையைப் பங்கிட அதற்குக் கற்பித்த நாம், பயனைப் பங்கிட இன்னும் கற்கவில்லை. வேய்ந்தவனைப் பட்டினியோடு அனுப்பிவிட்டுக் கூரையின் அழகைப் புகழ்வது அறமாகுமா?