தாயார் சொல்லும் சிபாரிசு

திருப்பதியில் ‘சிபாரிசு லெட்டர்’ என்றால் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். எம்.எல்.ஏ.விடமோ எம்.பி.யிடமோ கடிதம் வாங்கிக்கொண்டு பிரேக் தரிசனத்துக்குப் போவது இங்கே அன்றாடம் நடப்பது. முப்பது வருடமாகக் கெமிஸ்ட்ரி நடத்தும் எனக்கு அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அக்டோபர் பிறந்தால் ஸ்டாஃப் ரூம் வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். “மேடம், எல்.ஓ.ஆர். வேணும். நானே டிராஃப்ட் எழுதிட்டு வந்துட்டேன், நீங்க பார்த்து சைன் போட்டா போதும்.”

அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கிறார்கள். எழுதுகிறவரே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று மாணவர் முன்கூட்டியே ஒரு கட்டத்தில் டிக் செய்துவிடுவார். தன்னைப் பற்றி என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாமலே தன்னை இன்னொருவர் வாயில் ஒப்படைப்பது அது. அந்தச் சின்ன டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஒரு வருடம், ஒரு பையன் தானே எழுதிவந்த கடிதத்தில் ஒரு வரிகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செய்யாத ஆராய்ச்சியை என் மேற்பார்வையில் செய்ததாக அதில் இருந்தது. பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வீட்டாரோடு காணிப்பாக்கம் போனோம். சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வரசித்தி விநாயகர் முன் பொய்ச்சத்தியம் பண்ணினால் தண்டிக்காமல் விடமாட்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடன் தகராறு, சொத்துத் தகராறு என்றால் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வந்து சத்தியம் செய்வார்கள். அன்றும் ஒருவர் அப்படி நின்றுகொண்டிருந்தார். முதுகெல்லாம் நீர் சொட்ட, கை நடுங்க, வாயில் ஒரே ஒரு வாக்கியம். நான் போட்ட கையெழுத்து அப்போது நினைவுக்கு வந்தது.

உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றால், பரிந்து பேசுவது எப்படி? இந்தக் கேள்வியோடு பல நாள் இருந்தேன்.

என் பாட்டி, திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைச் சேவிக்காமல் மலையேற விடமாட்டாள். “அவ சொன்னாத்தான்டி அவர் கேப்பார்.” ஸ்ரீவைஷ்ணவத்தில் இதற்குப் புருஷகாரம் என்று பெயர். குற்றவாளியான ஜீவனுக்காகத் தாயார் பெருமாளிடம் பரிந்து பேசுவது. எல்லாம் அறிந்தவனுக்கு எதற்குச் சிபாரிசு என்று சின்ன வயதில் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். அவனுக்குத் தெரியாத எதையும் தாயார் சொல்லப்போவதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அசோகவனத்தில், தாயாரின் அவதாரமான சீதையை வதைத்த ராட்சசிகளைக் கொல்கிறேன் என்று அனுமன் கிளம்பியபோது, அவர்கள் நல்லவர்கள் என்று அவள் சொல்லவில்லை. தவறு செய்யாதவர் யார் என்றுதான் கேட்டாள். குற்றம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பரிகிறாள்.

பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில், புருஷகாரம் செய்பவளுக்கு மூன்று குணம் வேண்டும் என்கிறார்: கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம். இரக்கம், அவனுக்குக் கட்டுப்பட்டிருத்தல், அவனைத் தவிர வேறெவருக்கும் உரியவளாகாதிருத்தல். இதைப் பலமுறை படித்தும் ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். மூன்றில் ஒன்றுதான் நமக்காக. மற்ற இரண்டும், யாரிடம் பேசுகிறாளோ அவனோடு அவளுக்குள்ள உறவு. அவள் சொல் செல்லுபடியாவது அங்கேதான். என் கடிதமும் அப்படித்தான். எங்கோ இருக்கும் தேர்வுக் குழு முன்பின் பார்த்திராத என் வார்த்தையை நம்பிப் பையனை எடுக்கிறது. பெருமாளுக்காவது நம் குற்றம் தெரியும். அவர்களுக்கு நான் சொன்னால்தான் தெரியும். அவர்களை ஏமாற்றிவிட்டு அந்தப் பையனுக்கு நான் செய்தது சிபாரிசே இல்லை.

உண்மையாக எழுதிய சிபாரிசு ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். 1908இல் அது புத்தகமாயிற்று. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற விமர்சனத்துக்குப் பதிலாக எழுதியது. அவருடைய தத்துவ ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் ஸ்காட்லாந்து மிஷனரி. மாணவன் வாதாடியது கிறித்தவத்துக்காக அல்ல என்று தெரிந்தும், அந்த ஆய்வேட்டை மனம் திறந்து பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார். தான் கண்டதை எழுதியிருக்கிறார். அந்தப் பாராட்டின் எடை அதனால் வந்தது.

போன வருடம் சித்தூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை. இரண்டாம் செமஸ்டரில் மேத்ஸ் போய், சப்ளியில் தேறியவள். அவளுடைய டிராஃப்டை வாங்கவில்லை. லேப் ரெக்கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். மற்ற பிள்ளைகளின் ரெக்கார்டில் பர்மாங்கனேட் டைட்ரேஷன் ரீடிங் மூன்றும் அச்சடித்தது போல ஒன்றாகவே இருக்கும். இவள் நோட்டில் 18.2, 18.9, 18.2, 18.2. அந்த 18.9 அழிக்கப்படவில்லை. மேலே ஒரே ஒரு மெல்லிய கோடு. பியூரெட்டை மூடத் தாமதமானதால் நிறம் அடர்ந்துவிட்டது என்று பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்.

மேத்ஸ் போனதை எழுதினேன். 18.9 பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். அவளைப் போன்றவர்களை என் லேபுக்குக் கேட்டு வாங்குவேன் என்றும் எழுதினேன். முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா என்று கேட்கும் இடத்தில் கை ஒன்றின் மேல் போயிற்று. பத்தில் டிக் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். “மேடம், அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பிட்டேன்மா.”

என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. ரெக்கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.