கருவறி சோதனையும் கொல்லாமை அறமும்

கருவில் வளரும் சிசுவின் நலத்தை முன்கூட்டியே அறியும் சோதனைகள் இன்று பெருகியுள்ளன. இவை கொல்லாமையை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தார்க்குப் பொருந்துமா என்னும் வினா நம் குடும்பங்களில் எழுகின்றது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. சோதனையின் தன்மையையும் அதன் பின் நிற்கும் எண்ணத்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

ஸ்கேனும் தாயின் இரத்தப் பரிசோதனையும் கருவைத் தீண்டுவதில்லை. ஆயின் மரபணுக் கோளாறுகளைப் பொறுத்தவரை அவை ஐயத்தையே சுட்டும். உறுதி பெற நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 14 வாரங்களுக்குள்ளோ, பனிக்குட நீரை 15 வாரங்கள் நிறைந்த பின்னரோ ஊசி வழியே எடுப்பர். தேர்ந்த மருத்துவர் செய்யுங்கால், இதனால் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு 200-இல் ஒன்றுக்கும் குறைவு என்பர். அவசரமோ தீங்கு தரும். பனிக்குட நீரை 11, 12 வாரங்களிலேயே எடுத்தால் என்ன நேரும் என்று கனடாவில் ஆய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வாறு எடுத்தபோது 1.3 விழுக்காடு குழந்தைகள் கோணற்பாதத்துடன் பிறந்தன. உரிய காலத்தில் எடுத்தபோது அது 0.1 விழுக்காடே.

பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், பிற உயிரின் பிராணனைப் போக்குவதே இம்சை என்று உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்தார். தேவையின்றியும் காலமறியாமலும் ஊசி செலுத்துவது பிரமாதமே. தக்க காரணத்தோடு, உரிய வாரத்தில், தேர்ந்த கையால் செய்வது அவ்வாறன்று.

அடுத்து எண்ணம். பெண் என்றறிந்து அழிப்பதற்காகச் செய்யும் சோதனை ஐயமின்றிச் சங்கல்ப இம்சை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கவே 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. நாமக்கல் பகுதியும் அன்று அம்மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பெற்று 1996-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தடுக்கும் முன்னரே நம் அறம் தடுத்தது.

கொடிய நோய் உறுதியானால் என் செய்வது? இதுவே கடினமான வினா. 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பெருங்குறை உண்டென மருத்துவக் குழு உறுதி செய்யுமாயின் 24 வாரங்களுக்குப் பின்னும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது. கருவும் ஐம்பொறி உயிரே. எனினும், "அழிக்காதே" என்று தாய்க்கு உரைக்கும் சமூகம், அக்குழந்தையின் மருத்துவச் செலவிலும் பராமரிப்பிலும் பங்கு கொள்ளாவிடின் அவ்வுரைக்குப் பொருளில்லை. அபய தானமும் ஔஷத தானமும் இணைந்தே செல்ல வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் வாழும் கருவுற்ற பெண் அவற்றைக் கடந்து, நகரின் சிறப்பு மருத்துவரை அடைவதற்குள் உரிய வாரங்கள் கழிந்துவிடலாம். நகரில் வாழும் நமக்கோ அறியும் வசதி எளிது; அதனால் பொறுப்பும் மிகுதி.

அறிய வேண்டுவதைக் கருவுறும் முன்னரே அறிந்துகொள்வதே நம் அறத்திற்கு மிகவும் உகந்த வழி. தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்றவற்றில் பெற்றோர் இருவரும் நோய்க்கூறு தாங்கியவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மணமகன், மணமகள் இருவருக்கும் எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். நம்முடையது சிறு சமூகம். உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமும் தமிழகத்தில் பரவலாக உள்ளது. ஆகவே, ஜாதகம் பார்க்கும் நாளிலேயே இரத்தத்தையும் பார்ப்போமாக. கருவில் ஓர் உயிர் தங்கிய பின் எழும் அறக்குழப்பத்தை, அது தங்கும் முன்னரே தவிர்ப்பது அகிம்சையன்றோ!