கடன் போன பீரியட்

முப்பத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்த என்னிடம் சக ஆசிரியர்கள் அதிகம் கேட்ட கேள்வி விளையாட்டைப் பற்றியது அல்ல. "சார், இன்னைக்கு உங்க பீரியடை எடுத்துக்கட்டுமா?" என்பதுதான். கணக்கு டீச்சர் கேட்பார், அறிவியல் சார் கேட்பார். அரையாண்டு நெருங்கிவிட்டால் யாரும் கேட்பதில்லை, எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட். பத்தாம் வகுப்புக்கும் இரண்டுதான், ஆனால் அட்டவணையில் மட்டும்.

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். மல்லுக்கு நின்ற நாட்களில் என் கையில் இருந்தது ஒரே பழமொழி: சுவர் இருந்தால்தான் சித்திரம். தலைமையாசிரியர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார். "வாஸ்தவம் சார். சித்திரத்துக்குத்தான் இன்னும் இருபது நாள்கூட இல்லையே!"

ஓய்வுபெற்று மதுரையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பழமொழியே என்னைத் தோற்கடித்தது என்று புரிந்தது. விளையாடினால் உடம்பு நன்றாக இருக்கும், உடம்பு நன்றாக இருந்தால் படிப்பு வரும், படிப்பு வந்தால் மார்க் வரும். இப்படி ஏணி கட்டினால், கேட்பவர் மேல்படியைத்தானே பிடித்துக்கொள்வார்? மார்க்தான் முடிவு என்றால் அதற்குக் கணக்கு வகுப்பு நேர்வழி, மைதானம் சுற்றுவழி. பீரியட் கடன் போனதில் நியாயம் இருக்கிறது.

நான் மட்டும் கட்டிய ஏணி அல்ல இது. உடம்பை இழிவாகப் பேசும் பாடல்கள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு நடுவே உடம்புக்காகப் பேசியவர் திருமூலர். முன்பு உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்ததையும், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் சொல்கிறார். 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் போகலாம் என்று இளைஞர்களிடம் சொன்னார். தசை வலுத்தால் கீதையே இன்னும் நன்றாக விளங்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருமே பெரியவர்கள். இரண்டு பேரையும் மேற்கோள் காட்டித்தான் நான் பிழைத்தேன். ஆனால் ஒருவருக்கு உடம்பு கோயில் சுவர், இன்னொருவருக்குக் கீதைக்கு ஏறும் படி. பந்தை உதைப்பது பந்தை உதைப்பதற்காகவே என்று சொல்ல யாரும் இல்லையா?

இருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்தான்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை தெரியாதவர் மதுரையில் இல்லை. வைகை உடைப்பெடுக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு நாதி இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. வந்தவர் ஒழுங்காக வேலை பார்த்தாரா? ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு அணையாக வைத்துத் தூங்கினார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடக்க, பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி ராஜா முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது.

எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். சரிதான். எனக்கு மட்டும் வேறொன்று கண்ணில் பட்டது. சாமி அடி வாங்கியது விளையாடியதற்காக. பிரம்போடு நின்றவன் கெட்டவனும் அல்ல. வெள்ளம் வருகிறதே என்ற கவலை அவனுக்கு. எங்கள் தலைமையாசிரியருக்குப் பொதுத்தேர்வு.

பரஞ்சோதி முனிவர் சொன்ன இதுபோன்ற அறுபத்து நான்கு கதைகளுக்கும் பெயர் திருவிளையாடல். திருப்பணி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குறை உள்ளவன் அதை நிரப்ப வேலை செய்வான். குறையே இல்லாதவன் எதற்காக எதையும் செய்ய வேண்டும்? விளையாட்டு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பிரம்ம சூத்திரமும் படைப்புக்குக் காரணம் தேடி அங்கேதான் வந்து நிற்கிறது. நாமோ, "விளையாட்டாய் எடுத்துக்காதே" என்று பிள்ளையைக் கண்டிக்கிறோம்.

அப்படியானால் விளையாட்டை என்னவென்று சொல்லி அட்டவணையில் வைப்பது? காலையில் நடக்கும் இறைவணக்கத்தைப் பாருங்கள். என் முப்பத்திரண்டு வருடத்தில் எந்தக் கணக்கு டீச்சரும் அதைக் கடன் கேட்டதில்லை. அதனால் எத்தனை மார்க் வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விளையாட்டு பீரியடுக்கும் நான் கேட்டிருக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

இவ்வளவு பேசுகிறவன் மைதானத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அறுபது பேர், பள்ளிக்கு ஒரு வாலிபால். அதுவும் செருப்புத் தைப்பவரிடம் இரண்டு முறை தைத்து வாங்கியது. பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேரை இறக்குவேன். அந்தப் பன்னிரண்டு பேர் மாறவே மாட்டார்கள். குறுவட்டப் போட்டிக்கு டீம் தயாராக வேண்டுமே! மீதி நாற்பத்தெட்டுப் பேர் வேப்பமரத்தடியில். 2019-இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கு நாளைக்கு ஒரு மணி நேர உடல் உழைப்புகூட இல்லை. பையன்களில் 78, பெண்களில் 85. தென் கொரியாவில் 94. செய்தித்தாளை மடித்துவிட்டு மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். அறுபதில் நாற்பத்தெட்டு, எண்பது சதவீதம். உலகக் கணக்கு என் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியர் பீரியடைப் பறித்தார் என்று புலம்பினேனே, பறிக்காத நாளிலும் அது அந்த நாற்பத்தெட்டுப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த மரத்தடியில் ஒரு பெண். ஆடுகிறவர்களின் செருப்புக்கும் டிபன் பைக்கும் அவள்தான் காவல். நான் ஓய்வுபெறும் வருடம், ஒருநாள் சும்மா கேட்டேன்: "நீ ஏம்மா ஆட வரல?"

"எனக்கு விளையாடத் தெரியாது சார்."

ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் இருந்தவள். மூன்றரை வருடம். தமிழ் தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் தமிழய்யாவைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள்.

மறுநாள் வாலிபாலை அறையில் வைத்துப் பூட்டினேன். கோடு போடும் சுண்ணாம்புப் பொடியால் மைதானம் முழுக்கப் பாண்டிக் கட்டம் போட்டேன், பத்து இடத்தில். உடைந்த ஓடு பொறுக்கிச் சில்லாக்கிக் கொடுத்தேன். டீம் பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "பொட்டப்புள்ள விளையாட்டு சார்" என்றான் ஒருவன். ஐந்தாவது கட்டத்தில் தடுமாறிக் காலை ஊன்றி, வெளியே போனவர்களில் அவனும் உண்டு. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நொண்டினாள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"சார், இதுல யாரு ஜெயிச்சா?"

"யாருக்குத் தெரியும்? நான் எண்ணலம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப இன்னொரு தடவை ஆடட்டுமா சார்?"