மவுத்துக்குப் பின்னும் அண்டை வீட்டார் ஹக்கு

ஜனாஸாவைத் தோளில் சுமந்து, தொழுது, கபுரில் மூன்று பிடி மண் போட்டுத் திரும்பிவிட்டால் அண்டை வீட்டாருக்குரிய ஹக்கு தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி பிறகே ஆரம்பமாகிறது.

நம் வீட்டுச் சுவரை ஒட்டி வாழ்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் மவுத்தானார். மழைக்காலம் வருமுன் தம் வீட்டுக்கு முன்னதாகப் பக்கத்து விதவையின் வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுப்பவர். அவரை நல்லவர் என்றே தெருவார் அனைவரும் சொன்னார்கள். அது சாதாரணச் சொல்லன்று. ஒரு முஸ்லிமுக்கு நால்வர் நற்சாட்சி கூறினால் அல்லாஹ் அவரைச் சுவனத்தில் புகுத்துவான் என்றும், மூவர், இருவர் கூறினாலும் அவ்வாறே என்றும் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியில் உள்ளது.

சாட்சி சொன்ன நாம் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?

ஹிஜ்ரி 8ல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, துக்கத்திலிருக்கும் அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம்மூர்கள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. மய்யித்து வீட்டார் கடன் வாங்கி மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஆக்கிப் போட, அண்டை வீட்டாராகிய நாம் அமர்ந்து உண்கிறோம். அந்தச் சோற்றில் பருவம் அடையாத பிள்ளையின் வாரிசுப் பங்கு கலந்திருந்தால் நம் கதி என்ன? அநாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் எனத் திருக்குர்ஆன் (4:10) எச்சரிக்கிறதே! ஓதுவதும் துஆச் செய்வதும் ஸதக்கா கொடுப்பதும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவற்றை நம் பொருளிலிருந்து செய்வோம்.

அடுத்தது கடன். கடனோடு இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்காமல் நின்றபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றார்கள். அதன் பிறகே தொழுகை நடந்தது. தோழமைக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இறைச்சி அனுப்பி வந்தார்கள். நினைவு கூர்வது என்பது இதுவே.

ஆகவே அன்பர்களே! உங்கள் தெருவில் மவுத்து நேர்ந்தால் சோறு கொண்டு செல்லுங்கள். கடன் உண்டா என்று வாரிசுகளிடம் மெதுவாகக் கேளுங்கள். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் அந்தப் பெண்ணுக்கு வேண்டிய சாமான்களை உங்கள் வீட்டார் மூலம் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பாருங்கள்.

மறைந்த அண்டை வீட்டார் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கபுரை விசாலமாக்கி, நமக்கும் நற்சாட்சி பகரும் அண்டை வீட்டாரைத் தந்தருள்வானாக! ஆமீன்.